விசேஷம் உண்டான்னு கேட்டுக் கேட்டு கடைசில கவுன்சலிங் போனோம் – நாகர்கோவில், 4/5

மொதல்லயே சொல்லிருறேன், இடத்தோட பேரு போடல. ஊரு சின்னது, நாகர்கோவில்ல பாதி பேரு மீதி பேருக்கு ஏதோ ஒரு வழில சொந்தம், பேரு போட்டா எந்த சனிக்கிழம யாரு படியேறிப் போனாங்கன்னு நான் வீடு வந்து சேருறதுக்குள்ள எங்க மாமிக்கு, அதான் மாமியாருக்கு, போன் வந்துரும். டவுனுக்குள்ள ஒரு வீட்டுல நடக்குற சின்ன சென்டர்னு வச்சுக்கங்க, கீழ லேடி டாக்டர், மாடில கவுன்சலர். நாங்க போனது குழந்த இல்லன்னு ட்ரீட்மென்டுக்கு இல்ல. குழந்த வேணுமா வேண்டாமான்னு முடிவு பண்ணத் தெரியாம போனோம். இதுக்கெல்லாம் ஃபீஸ் கட்டி ஒருத்தர்ட்ட பேசலாம்னே எனக்கு 33 வயசுலதான் தெரியும்.

எங்க நெலம இதுதான். நான் திருவனந்தபுரம் டெக்னோபார்க்ல டெஸ்டிங் லீட், வாரத்துல மூணு நாள் ஆபீஸ் போயே ஆகணும், மீதி வீட்டுல இருந்து. வீடு தக்கல பக்கம், காலைல இருட்டோட கெளம்பி இரணியல்ல ரயில் ஏறணும், பாறசாலையிலயோ நெய்யாற்றின்கரையிலயோ எதுக்கோ ஒண்ணுக்கு வழி விட்டு நிக்கும், அப்புறம் கழக்கூட்டம் போய் சேந்து, ராத்திரி வீட்டு கேட்ட தொறக்கும்போது எட்டேகால். இவரு ஒரு தனியார் இன்ஜினியரிங் காலேஜ்ல அசிஸ்டன்ட் ப்ரொஃபசர், வயசு 36. கல்யாணம் ஆகி அஞ்சு வருஷம். மொத ரெண்டு வருஷம் "இப்ப வேண்டாம்"னு சொன்னோம், அது பொய் இல்ல. அடுத்த மூணு வருஷம் ஒண்ணுமே சொல்லல. ரெண்டு பேரும் அந்தப் பேச்ச எடுக்காம, எடுத்தா சண்ட வரும்னு, ஃப்ரிட்ஜ்ல மூடி வச்ச பழைய கறி மாதிரி, இருக்குன்னு தெரியும் ஆனா தொறந்து பாக்க மாட்டோம்.

ஊருக்காரங்க தொறந்து பாப்பாங்க. போன வருஷம் ஒரு கல்யாணப் பந்தில போளிய பிச்சு பால்பாயசத்துல பெசஞ்சு வாயில வைக்கப் போறேன், எதுத்தாப்ல இருந்த ஒரு சித்தி, "மக்களே, விசேஷம் ஏதும் உண்டா?"ன்னு ரெண்டு வரிச தாண்டி கேக்குற மாதிரி கேட்டாங்க. பக்கத்துலயே இவரு உக்காந்து பப்படம் நொறுக்கிட்டு இருக்காரு, அவர்ட்ட ஒரு வார்த்த கேக்கல. அந்த சித்திக்கே ஒரு பையன்தான், அவனுக்கும் ஒரு பொண்ணுதான். 2019-21 குடும்பநல சர்வேப்படி தமிழ்நாட்டுல ஒரு பொண்ணுக்கு சராசரி 1.8 குழந்ததான், அதாவது ஊரே பெத்துக்குறத கொறச்சுருச்சு, ஆனா கேக்குறத மட்டும் கொறைக்கல.

இந்த சென்டருக்கு முன்னாடி வேற ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்கு போனோம், அதயும் பேரு சொல்லாமயே கடந்துருறேன். ஒரு மணி நேரம் காத்திருந்து நாலு நிமிஷம் பாத்தாங்க. ஏஎம்ஹெச்னு கருமுட்ட இருப்பு பாக்குற ஒரு ரத்த டெஸ்ட் எழுதினாங்க, ஒரு பேக்கேஜ் நோட்டீஸ் குடுத்தாங்க, "கொஞ்ச நாளு வேலைய விட்டா என்னம்மா, ட்ராவல் ஜாஸ்தியா இருக்கே"ன்னு சொன்னாங்க. இவரும் தினம் தக்கலைலேர்ந்து பைக்ல 20 கிலோமீட்டர் போறாரு, அவருக்கு ட்ராவல் ஜாஸ்தி இல்லயாம்.

சரி, இப்ப இந்த இடம். வரவேற்புல இருந்த பொண்ணு ஃபார்ம் குடுத்துச்சு, அதுல எதுக்கு வந்திருக்கீங்கன்னு ஒரு கேள்வி, கர்ப்பம், கருவுறாமை, மாதவிடாய் பிரச்சன, மற்றவை. நான் முழிச்சுட்டு நிக்கேன், அந்தப் பொண்ணு ஹால் முழுக்க கேக்குற மாதிரி "அக்கா, குழந்த நிக்கலன்னு வந்திருக்கீங்களா?"ன்னு கேட்டுச்சு. இல்லம்மா, வேணுமான்னு யோசிக்க வந்திருக்கோம்னேன். "அப்படி ஒண்ணு இதுல இல்லியேக்கா"ன்னு பேனாவ கடிச்சுது. இதுக்கு அரை மார்க் கொறச்சேன். வெயிட்டிங் ஹால் சுவர் ஃபுல்லா குண்டு குண்டு வெள்ளக்கார பாப்பா போஸ்டர், முடிவு பண்ணாம வர்றவங்கள உக்கார வைக்க ஏத்த இடமே இல்ல. காத்திருப்பு ஒரு மணி பத்து நிமிஷம், அதுவும் அப்பாயின்மென்ட் வாங்கி.

கீழ டாக்டர் மேடம் கொள்ளாம். 25 நிமிஷம் குடுத்தாங்க. கையில இருந்த ஏஎம்ஹெச் ரிப்போர்ட்ட பாத்துட்டு, இது கருமுட்ட இருப்பு எவ்ளோன்னு ஒரு குத்துமதிப்பு, ஐவிஎஃப் ஊசிக்கு எத்தன முட்ட வரும்னு யோசிக்க உதவும், ஆனா சும்மா இயற்கையா குழந்த நிக்குமா நிக்காதான்னு இத வச்சு சொல்ல முடியாது, அதுக்கு வயசுதான் பெருசுன்னாங்க. நான் அந்த ஒரு நம்பர வச்சுக்கிட்டு மூணு வாரம் தூங்கல, அது வேற விஷயம். 35 வயசுக்குள்ளன்னா ஒரு வருஷம் முயற்சி பண்ணியும் நிக்கலன்னா டாக்டர பாக்கணும், 35 தாண்டிட்டா ஆறு மாசத்துலயே வரணும், அதுக்கு முன்னாடி பேக்கேஜ் எல்லாம் எதுக்குன்னு கேட்டாங்க. முயற்சி பண்றதா முடிவெடுத்தா கொறஞ்சது ஒரு மாசம் முன்னாடி இருந்தே தினம் 400 மைக்ரோகிராம் ஃபோலிக் ஆசிட், தைராய்டு, சுகர், ஹீமோகுளோபின் பாத்துக்கணும், ருபெல்லா அம்மைக்கு எதிர்ப்பு இருக்கான்னு பாத்து இல்லன்னா ஊசி போட்டு ஒரு மாசம் கழிச்சுதான் முயற்சி பண்ணணும். இவர்ட்டயும் கேட்டாங்க, சிகரெட் உண்டா, வெயிட் எவ்ளோ, ஆம்பளைக்கும் வயசு ஓடும் தெரியுமான்னு. இவரு நேரா உக்காந்த மொத தருணம் அதுதான்.

முட்டைய ஃப்ரீஸ் பண்ணி வச்சா நிம்மதியா இருக்கலாமான்னு நான் கேட்டேன், ஆபீஸ்ல ரெண்டு பேரு பண்ணிருக்காங்க. 2021ல செயற்கை கருத்தரிப்பு சட்டம் வந்த பொறவு இந்த மாதிரி சிகிச்ச எல்லாத்துக்கும் பொண்ணுக்கு 50, ஆணுக்கு 55ன்னு வயசு வரம்பு இருக்குன்னு சொல்லிட்டு, "களியக்காவிள தாண்டி லாட்டரி எடுக்குற மாதிரிம்மா, டிக்கெட் கையில இருக்கும், அடிக்கும்னு யாரும் எழுதித் தர முடியாது"ன்னாங்க. எனக்கு இதவிட தெளிவா யாரும் சொன்னதில்ல.

மாடி ஏறினா கவுன்சலர். ஒரு செஷன் 50 நிமிஷம், ஆயிரம் ரூபா. அம்பது வயசு இருக்கும், காட்டன் சேல, மேசைல ஒரு மணல் கடிகாரம், அத திருப்பி வச்சுட்டுதான் பேச்சு. மொத செஷன்ல எங்கள பேசவே விடல. ஆளுக்கு ஒரு பேப்பர், ஆளுக்கு ஒரு ரூம். எதுக்கு ஆச, எதுக்கு பயம், இவர்ட்ட/இவங்கள்ட்ட இது வரைக்கும் சொல்லாதது என்ன. மூணே கேள்வி. கேள்வித்தாள் இங்கிலீஷ்ல இருந்துச்சு, தக்கலைலேர்ந்தும் கருங்கல்லேர்ந்தும் வர்றவங்களுக்கு எதுக்கு இங்கிலீஷ்ல, பதில் தமிழ்ல எழுதலாமான்னு கேட்டுதான் எழுதினேன். பயத்துக்கு நேரா நான் எழுதினது, "புள்ள வந்த பொறவு நான் இவர வெறுத்துருவேனோ". எழுதிட்டு பேப்பர மடிச்சு கைக்குள்ள வச்சிருந்தேன், குடுக்கவா வேண்டாமான்னு. இவரு சொல்லாததுக்கு நேரா எழுதியிருந்தது, "எனக்கு ரெண்டு வருஷமா ஆச இருக்கு. சொன்னா வேலைய விடச் சொல்றேன்னு நெனச்சுக்குவா. அதனால சொல்லல". கோணல் மாணலா, போர்டுல எழுதுற ஆளுக்கு பேப்பர்ல கையெழுத்து எப்பவும் அப்படித்தான். ரெண்டு வருஷம் ஒரே கட்டில்ல படுத்துக்கிட்டு எனக்கு இது தெரியாது. நான் பேசறதுக்கு வாயெடுக்கேன், மணல் தீந்துருச்சு, "அடுத்த வாரம் பாப்போம்"னுட்டாங்க. சத்தியமா கோவம் வந்துச்சு. இவரு மூக்க உறிஞ்சிட்டு இருக்காரு, அஞ்சு நிமிஷம் கூட குடுத்தா என்ன கொறஞ்சா போகும். இன்னொரு அரை மார்க் அங்க போச்சு. திரும்பி வரும்போது பார்வதிபுரம் பாலத்துக்கு மேல மழை, பைக்ல ரெண்டு பேரும் நனஞ்சுகிட்டே வந்தோம், வில்லுக்குறி வர பேசல, அங்க ஒரு டீக்கடைல நின்னு ஏத்தம்பழ பஜ்ஜி தின்னுகிட்டே ஒன்றர மணி நேரம் பேசினோம். அந்த ஆயிரம் ரூபாய்க்கு அதுதான் செஷன்னு நான் கணக்கு எழுதிக்கிட்டேன்.

ரெண்டாவது செஷன்தான் சமாச்சாரம். ஒரு பெரிய சார்ட், காலைல அஞ்சுல இருந்து ராத்திரி பதினொண்ணு வர மணி மணியா கட்டம். ஏழு மாசக் குழந்த இருக்குன்னு வச்சுக்கங்க, புதன்கிழம, ஒவ்வொரு கட்டத்துலயும் குழந்த யார் கையில இருக்குன்னு எழுதுங்க, அவ்ளோதான். எழுத ஆரம்பிச்சா ஆறு கட்டத்துல "அம்மா"ன்னு எழுதிட்டாரு இவரு. அவங்க அம்மா, அதாவது எங்க மாமி. கவுன்சலர் மேடம் கண்ணாடிய கழட்டிட்டு, "அம்மாட்ட கேட்டீங்களா?"ன்னாங்க. இல்ல. "அம்மாக்கு வயசு?" 66. "முட்டு வலி?" இருக்கு. இவரு பேனா மூடிய போட்டு போட்டு எடுத்துட்டு இருந்தாரு.

அப்புறம் லீவு கணக்கு. எனக்கு சட்டப்படி 26 வாரம் சம்பளத்தோட மகப்பேறு லீவு, 2017ல கூட்டினது, மொத ரெண்டு குழந்தைக்கு, அதுல எட்டு வாரம் வர பிரசவத்துக்கு முன்னாடியே எடுத்துக்கலாம். நாலு வாரம் முன்னாடி எடுத்தேன்னு வைங்க, நான் திரும்பி ரயில் ஏறும்போது குழந்தைக்கு அஞ்சு மாசம். தாய்ப்பால் மட்டும் ஆறு மாசம் குடுக்கணும்னு எல்லா ஆஸ்பத்திரி சுவத்துலயும் எழுதி வச்சிருக்கான். தக்கலைல நாங்க விசாரிச்ச டேகேர் ஒன்றர வயசுக்கு மேலதான் எடுக்கும், காலைல எட்டரைக்கு தொறந்து சாயங்காலம் ஆறுக்கு மூடும். அஞ்சு மாசத்துக்கும் ஒன்றர வயசுக்கும் நடுவுல ஒரு வருஷத்துக்கு மேல இருக்கு பாருங்க, அந்த ஒரு வருஷத்துக்கு சார்ட்ல யாரு பேரும் இல்ல. மூணு வருஷமா "கேரியரா குழந்தையா"ன்னு பெரிய தத்துவம் மாதிரி மண்டைய ஒடச்சுக்கிட்டது கடைசில இந்த ஒரு வருஷத்து கட்டம்தான், அத யார் நெரப்புறதுங்கறதுதான், அது வர எல்லாரும் அத என் பேர்ல எழுதி வச்சுட்டு எங்கிட்டயே முடிவு கேட்டுட்டு இருந்தாங்க.

50 பேரோ அதுக்கு மேலயோ வேல பாக்குற இடத்துல குழந்தைகள் காப்பகம் இருக்கணும், அம்மா ஒரு நாளைக்கு நாலு தடவ போய் பாக்கலாம்னும் சட்டத்துல இருக்கு. எச்ஆர்ல கேட்டேன், இருக்கு, கேம்பஸ் பக்கத்துலயே ஏற்பாடு உண்டு. நல்லதுதான். ஆனா அஞ்சு மாசக் குழந்தைய இடுப்புல வச்சுக்கிட்டு காலைல இரணியல்ல ரயில் ஏறி, திரும்பவும் ராத்திரி... லேடீஸ் கோச்ல சீட் புடிக்க நடக்குற சண்டய பாத்தவங்களுக்கு தெரியும். அப்பாக்களுக்கு தனியார்ல சட்டப்படி ஒரு நாளும் கெடையாது. இவருக்க அண்ணன் மகேந்திரகிரி இஸ்ரோல இருக்காரு, மத்திய அரசு வேலங்கறதால அவருக்கு 15 நாள் கெடச்சுது. எங்க மைனி அரசுப் பள்ளி டீச்சர், மாநில அரசு 2021ல இருந்து ஒரு வருஷம் ஆக்கிருச்சு, அவங்க வீட்டு சார்ட்ல அந்த ஓட்டை பாதியா கொறஞ்சுரும். இவரு காலேஜ்ல ரெண்டு நாள் கேஷுவல் லீவு போடலாம், அதுவும் செமஸ்டர் பரீட்சை இல்லன்னா. இந்த தனியார் காலேஜ் லீவு நெலவரம் கவுன்சலருக்கே தெரியல, நாங்கதான் சொல்லிக் குடுத்தோம்.

மூணாவது செஷனுக்கு ரெண்டு வீட்டுப்பாடம். ஒண்ணு, அம்மாட்ட கேக்கணும். ரெண்டு, டேகேர் மூடுறதுக்குள்ள இவரால ஒரு வாரம் அங்க போய் நிக்க முடியுதான்னு பாக்கணும்.

மாமிட்ட கேட்டது ஞாயித்துக்கிழம, அவங்க மரச்சீனி கிழங்கு தொலிச்சுட்டு இருந்தாங்க. இவரு சுத்தி வளச்சு கேட்டாரு. மாமி கத்திய கீழ வச்சுட்டு, "மக்களே, ஒண்ணு பெத்துப் போடுன்னுதான் நான் சொன்னேன். நான் வளக்கேன்னு எப்ப சொன்னேன்? உனக்க அண்ணனுக்க ரெண்டயும் பாத்தே எனக்க முட்டு போச்சு. வந்தா ஏத்தங்கா பொடி காச்சுவேன், மட்டிப்பழம் பெசஞ்சு குடுப்பேன், குளிப்பாட்டுவேன். நாள் முழுக்க தூக்கிட்டு நிக்க எனக்கு ஆவாது"ன்னாங்க. நான் அடுக்களைல நின்னு கேட்டுட்டு இருந்தேன், எனக்கு சிரிப்பும் வருது, அழுகையும் வருது. மூணு வருஷமா இவங்க விசேஷம் விசேஷம்னு கேக்கும்போது இவங்க வளக்க துடிக்காங்கன்னு நாங்க நெனச்சோம், இவங்க என்னடான்னா நாங்க யாரோ ஆள் வச்சுப்போம்னு நெனச்சிருக்காங்க. அன்னைலேர்ந்து மாமி விசேஷம் கேக்கல. கேட்டது ஒண்ணுதான், "ஆள் வச்சா என்ன கேப்பாளுவ மாசத்துக்கு?"

டேகேர் கதை இன்னும் மோசம். இவரு வாசல்ல போய் நிக்க வெக்கப்பட்டு எதுத்த டீக்கடைல நின்னு நேரத்தோட எனக்கு போட்டோ அனுப்பினாரு. திங்கள் 5.50. செவ்வா 6.20. புதன் 7.05, ஏதோ அக்ரெடிடேஷன் மீட்டிங்காம். வியாழன் 5.55. வியாழக்கிழம அந்த டேகேர் அக்கா ரோட்ட தாண்டி வந்து, "அண்ணே, நாலு நாளா நிக்கீங்க, எந்தப் பிள்ளய கூட்டணும்?"னு கேட்டிருக்கு. இவரு பயந்து போயி "இன்னும் பொறக்கல"ன்னு சொல்லியிருக்காரு. அந்தக்கா ஒரு நிமிஷம் இவர ஏற எறங்க பாத்துட்டு, உள்ள கூட்டிட்டு போயி பாய், பால் பாட்டில் வைக்கிற அலமாரி, தூங்குற ரூம் எல்லாம் காட்டி, ஆறு மணிக்கு மேல ஒவ்வொரு அர மணிக்கும் தனி காசுன்னு ரேட் கார்டும் குடுத்து அனுப்பிருச்சு. வெள்ளிக்கிழம இவரு போகவே இல்ல, மறந்துட்டாரு. அஞ்சுல ரெண்டு. அந்த ரேட் கார்டு இப்ப எங்க ஃப்ரிட்ஜ் மேல காந்தத்துல ஒட்டி இருக்கு.

கவுன்சலர் மேடம் அந்த அஞ்சுல ரெண்ட வச்சு இவர திட்டுவாங்கன்னு நான் ஆசயா போனேன். அவங்க எம்பக்கம் திரும்பிட்டாங்க. சார்ட்ல ராத்திரி கட்டம் எல்லாத்துலயும், ஜுரம் வந்தா, தடுப்பூசின்னா, எல்லாத்துலயும் நீங்களே உங்க பேர எழுதியிருக்கீங்க, அவர்ட்ட கேக்கவே இல்லியே, நீங்க கைய எடுக்காட்டி அவரு எங்க புடிக்கதுன்னாங்க. எனக்கு முகத்துல அடிச்ச மாதிரி இருந்துச்சு. ரெண்டு நாள் அவங்க மேல கடுப்புலயே இருந்தேன். ஆனா யோசிச்சு பாத்தா வீட்டுல சிலிண்டர் புக் பண்றதுகூட நான் அவர்ட்ட விட்டதில்ல, லேட்டா பண்ணுவாரு, எனக்கு தாங்காது.

ஒரு பெரிய கொற சொல்லணும். அவங்க பேப்பர் எல்லாமே குழந்த வரும்னு வச்சுக்கிட்டுதான் இருக்கு. வேண்டாம்னு முடிவெடுத்தா எப்படி இருக்கும்னு ஒரு சார்ட் கெடையாது. நான் கேட்டேன், மேடம், எங்களுக்கு 60 வயசுல ஒரு ஞாயித்துக்கிழம எப்படி இருக்கும்னு எழுத ஒரு கட்டம் போட்டுத் தாங்கன்னு. கொஞ்சம் திகைச்சாங்க, அப்புறம் ஒரு வெள்ளப் பேப்பர்ல கையாலயே கோடு போட்டுக் குடுத்தாங்க, அத பாராட்டணும். அதுல நான் எழுதினது முட்டம் கடற்கரை, தூக்கம், தூக்கம், மறுபடி தூக்கம். இவரு பத்து மணி கட்டத்துல ஏதோ எழுதி அடிச்சிருந்தாரு, என்னன்னு இது வரைக்கும் சொல்லல. குழந்த வேண்டாம்னு உறுதியா இருக்கவங்க இங்க போனா கொஞ்சம் எரிச்சல்தான் வரும். எங்கள மாதிரி நடுவுல நிக்கவங்களுக்கு சரியா வரும். காசு பிரச்சனன்னா, மனசு பாரமா இருக்கு, யார்ட்டயாவது பேசணும்னு மட்டும்னா டெலி மானஸ்னு அரசு மனநல ஹெல்ப்லைன் இருக்கு, 14416க்கு போன் பண்ணலாம், இலவசம், தமிழ்லயே பேசுவாங்க, என் ஃப்ரெண்ட் ஒருத்தி பேசியிருக்கா.

முடிவு என்னாச்சுன்னு கேப்பீங்க. முடிவாகல. இவரு ஜூன்ல இருந்து கடைசி ஹவர் லேப்ப மாத்திக் குடுங்கன்னு எச்ஓடிட்ட, அதான் துறைத் தலைவர்ட்ட, கேட்டிருக்காரு, சரின்னுட்டாங்களாம். நான் ஆபீஸ் நாள மூணுல இருந்து ரெண்டா கொறைக்க முடியுமான்னு மேனேஜர்ட்ட கேட்டேன், அடுத்த க்வார்ட்டர்ல பாக்கலாம்னாரு, அதுக்கு என்ன அர்த்தம்னு ஐடில இருக்கவங்களுக்கு தெரியும். எனக்கு 35க்கு இன்னும் ரெண்டு வருஷம் இருக்கு. ஃபோலிக் ஆசிட் ஒரு அட்ட வாங்கி வச்சிருக்கேன், பிரிக்கல. நாலாவது செஷன் அடுத்த மாசம் ரெண்டாவது சனிக்கிழம.

போறவங்களுக்கு: சனிக்கிழம சாயங்காலம் போடாதீங்க, காலைல மொத டோக்கன்னா காத்திருப்பு கம்மி. கார் கொண்டு போகாதீங்க, நிறுத்த இடமே இல்ல. ஃபீஸ் முன்னாடியே கட்டணும், கீழ டாக்டர் ஃபீஸ் தனி. புருஷன இழுத்துட்டு போங்க, தனியா போனா மாடிக்கு அனுப்ப மாட்டாங்க. ஃபார்ம்ல மற்றவைன்னு டிக் பண்ணுங்க, அந்தப் பொண்ணு சத்தமா கேக்கறதுக்கு முன்னாடியே.